துரைக்கு இழுப்பு

— கூடையச் சாய்க்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?

— நான் எங்கடி சாய்க்கிறேன்? வளைவுல ஜீப்பு சாயுது, ஜீப்போட நான் சாயுறேன், என்னோட கூடை சாயுது. உன் எலிக்காக மலை ரோட்ட நிமித்தியா வைக்க முடியும்?

— மடியில வச்சு ரெண்டு கையாலயும் புடிங்க. துண்டத் தூக்காதீங்க. சில்லுனு காத்து அடிச்சா இழுப்பு கூடிரும்.

— புடிச்சுத்தான் இருக்கேன். மனுசனாடி நான்? சீசன் நேரம். ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர்ல தட்டு பூராம் பச்சக் காய் பரப்பிக் கெடக்கு. அடுப்ப அந்த வினோத்குமார் கையில குடுத்துட்டு, எலிக்கு முடியலைன்னு லீவு சொல்லி, மலையில இருந்து போடிக்கு இறங்கிக்கிட்டு இருக்கேன். சூப்பர்வைசரு எம்மூஞ்சிய ஒரு நிமிசம் பாத்துட்டு, "அழகுமலை, நெசமாவே எலிக்கா?"ன்னு கேட்டாரு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— எலிக்குத்தான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?

— ஆமா ஆமா. வேற என்னத்தச் சொல்ல.

— மாமா, அது எலி இல்ல. கினிப் பன்னின்னு உங்க மக பவித்ரா சொல்லும்.

— நீ ரோட்டப் பாத்து ஓட்டு பாண்டி. எலின்னா வாலு இருக்கணும். பன்னின்னா கறிக்காவது ஆகணும். இது ரெண்டுலயும் சேத்தி இல்ல. உக்காந்த எடத்துக்கு கேரட்டு வரணும், முட்டக்கோசு வரணும், குளிருக்குச் சாக்கு போட்டு மூடி விடணும். அதான் பாத்தேன், துரைன்னு பேரு வச்சேன்.

— பேரு வச்சதும் நீங்க, வைறதும் நீங்க.

— வைய மாட்டேனா? ஒன்றரை மாசமா வீட்ல தூக்கம் உண்டா? வெள்ளன அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கிறது. கிர்ர்ருனு ஒரு இழுப்பு, பின்னாடியே ஒரு விசிலு. உடனே நீ எந்திரிச்சு உக்காந்து, "ஏங்க, என்னங்க சத்தம்"னு என்னை உலுக்குறது. நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். அது எலி, வயசாயிருச்சு, அப்பிடித்தான் இருக்கும், படுடின்னு.

— ஒரு நாளும் விடாமச் சொன்னீங்க.

— சொன்னது தப்பா?

— தப்புன்னு நான் சொன்னேனா?

— அதுக்கு என்ன வயசுக்கா இருக்கும்?

— ஆறு முடிஞ்சுருச்சு தம்பி. பவித்ரா பத்தாப்பு படிக்கையில தேனியில வாங்கியாந்தது. இன்னைக்கு அவ கோயம்புத்தூர்ல நர்சு படிப்பு கடைசி வருசம். அதுக கணக்குல ஆறுன்னா நமக்கு எம்பது மாதிரியாம்.

— எம்பது வயசுல இழுக்காம என்ன செய்யும்? சாரமில்லக்கா.

— பரவால்லைங்கிறத மலையாளத்துல சொன்னா நோவு போயிருமா? சாரமில்லையாம். போன மாசம் இவரு வர மாட்டேன்னுட்டாருன்னு நீதான என்னை மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன.

— ஆமா மாமா. மாட்டு டாக்டரு இதக் கையில ஏந்திப் பாத்துட்டுச் சிரிச்சுட்டாரு. "எருமைக்கு வைக்கிற குழாய இதுக்கு வச்சா, குழாய்தான் இருக்கும், ஆளக் காணாது"ன்னாரு. அப்புறம் பொறுமையாத்தான் பாத்தாரு.

— பாத்து என்னத்தக் கண்டாரு?

— உங்ககிட்ட வந்து சொன்னேனே. மூச்சு லேசாக் கரகரங்குது, வயசு, தூசி ஒத்துக்கலைன்னாரு. கூண்டுக்குள்ள அடியில என்ன போடுறீங்கன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு ஸ்டோர்ல இருந்து கொண்டாருவாரு, காஞ்ச ஏலக்காய உரசையில உதிர்ற வாலு, மெத்து மெத்துனு வாசமா இருக்கும்னு பரப்பி வச்சிருக்கோம்னேன். கூடையில இருந்து ஒரு புடி எடுத்துக் குடுத்தேன். மோந்து பாத்தவரு ஆறு தும்மல் தும்முனாரு.

— ஏழுக்கா. நான் எண்ணுனேன்.

— "இந்தத் தூசியில நாள் பூராம் கெடந்தா யாரு நெஞ்சும் தாங்காதும்மா"ன்னாரு. யாரு நெஞ்சும்னு சொன்னாரு.

— மாட்டு டாக்டரு மாட்டு நெஞ்சச் சொல்லியிருப்பாரு. ஏலக்கா வாசத்துக்கு ஊரே ஏங்குது, துரைக்குப் புடிக்கலையாம்.

— சரி, வாலப் பூராம் அள்ளிக் கொட்டிட்டுப் பழைய பேப்பரு போட்டேன். சத்தம் நின்னுச்சா?

— நிக்கல.

— கட்டிலுக்குப் பக்கத்துல இருந்த கூண்ட அடுப்படிக்குக் கொண்டு போனேன். சத்தம் அடுப்படியில இருந்தா வந்துச்சு?

— லயத்து வீடுடி. இருக்கிறது ரெண்டு ரூமு, மேல தகரம். அடுப்படியில தும்முனா கட்டில்ல எதிரொலிக்கும்.

— உங்க தலமாட்டுல இருந்து வந்துச்சுங்க.

— அதான் சொல்றேன், எதிரொலி.

— மாமா சொல்றதும் சரிதான்க்கா. நம்ம வண்டி ஆரன் இங்க அடிச்சா எதுத்த மலையில கேக்குதுல்ல.

— நீ ஒருத்தன் போதும் பாண்டி அவருக்கு.

— ரோட்டுல போறவன் கூட ஒத்துக்கிறான், உனக்கு மட்டும் சந்தேகம். போனப் போட்டு அந்தப் புள்ளையையும் கலங்கடிச்சுட்ட.

— அவ எலி, அவகிட்டச் சொல்லாம? ஒரு நிமிசத்துக்கு எத்தன மூச்சுன்னு கடியாரத்தப் பாத்து எண்ணும்மான்னா. சத்தத்த வச்சு எண்ணுனேன். இருவத்தாறு.

— நர்சம்மா என்ன சொன்னாக?

— எண்ணுனது சரிதானாம்மான்னு கேட்டா. திரும்ப எண்ணும்மான்னா. மறுநாளும் எண்ணுனேன், இருவத்தஞ்சோ ஆறோ. அதுக்குப் பெறகு, "அப்பா எங்கம்மா"ன்னு கேட்டா.

— எலியப் பத்திப் பேசையில என்னை எதுக்குக் கேட்டா?

— பெத்த அப்பன எங்கன்னு கேக்கக் கூடாதாக்கும்.

— கேக்கட்டும், கேக்கட்டும். பரீச்சை முடிஞ்சு மார்கழியில வருவா. அது வரைக்கும் இது தாங்கிட்டாப் போதும். வந்து பாத்துட்டு, மடியில வச்சுக் கொஞ்சிட்டு, அப்புறம் அது பாட்டுக்குப் போகட்டும். புள்ள இல்லாதப்பப் போச்சுன்னா அவ மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்குறது?

— அவ மூஞ்சிய எப்பிடிப் பாக்குறதுன்னுதான் நானும் கெடக்கேன்.

— அழுவாதடி. கூண்டுல வால் போட்டது நான், என்னத்தான் வைவா. என்ன கனம் கனக்குது இது! சீக்குன்னு சொல்ற, பெருத்துல போயிருச்சு?

— ஒரு நாளாவது எட்டிப் பாத்தீங்களா? கனம் மட்டும் தெரியுது.

— எங்க பாக்க? விடியுமுன்ன ஸ்டோருக்குப் போறேன், அடையுற நேரத்துக்கு வர்றேன். ஆனா புல்லு மறந்தேனா? ஒரு நாள் மறந்தேனா சொல்லு. மருந்து படாத ஓடைக்கரைப் புல்லாப் பாத்து அறுத்து, துண்டுல சுத்தி, வாசல்லயே உன் கையில குடுக்குறேன். நேத்துக் குடுத்ததத் தின்னுச்சா?

— வாங்கிட்டுப் போனேன்ல.

— முன்னெல்லாம் புல்லு வாசம் பட்டதும் வீக்கு வீக்குனு லயமே அதிரக் கத்தும். இப்பக் கத்தக் காணோம். தெம்பில்ல போல.

— ஆமா.

— ஏ துரை! உள்ள இருக்கியா? அசையவே மாட்டேங்குது கலா.

— நோண்டாதீங்க. அது நிம்மதியா இருக்கு. நம்ம வீட்ல அது ஒண்ணுதான் நிம்மதியா இருக்கு.

— ஏன் மாப்ளே நிறுத்திட்ட?

— முன்னாடி லோடு லாரி வளைவுல திரும்ப மாட்டாம நிக்குது மாமா. முன்ன போயி பின்ன வந்து, பத்து நிமிசம் ஆக்கும் அவன். இஞ்சின ஆஃப் பண்ணிர்றேன்.

— பண்ணு. ஒரே புழுதி. அந்தப் பக்கம் படுதாவ இறக்கி விடு... க்கும்... க்கும்.

— தண்ணி குடிங்க.

— வேணாம்... க்கும். தொண்டையில புழுதி, வேற ஒண்ணுமில்ல.

— அக்கா, கேக்குதா?

— என்னது தம்பி?

— புஸ்ஸுனு போயி, கடைசியில கீய்ங்னு ஒரு விசிலு. இஞ்சின் நின்னதும் நல்லாக் கேக்குது பாருங்க. எலியா?

— எலிதான். வேற யாரு? பாத்தியா கலா, நான் சொன்னப்ப நம்பல. இப்பப் பாண்டி சாட்சி.

— இருங்க, போன்ல பதியுறேன். டாக்டருக்குப் போட்டுக் காட்டலாம். பாண்டி, உனக்கு எங்கிட்டு இருந்து கேக்குது?

— கூடைப் பக்கந்தான்க்கா. மாமாவும் கூடையும் ஒரே பக்கமா இருக்கதுல பிரிச்சுத் தெரியல. மாமா, நீங்க செத்த நேரம் மூச்சப் புடிங்க. எலிச் சத்தம் தனியாக் கேக்கட்டும்.

— நான் எதுக்குப் புடிக்கணும்?

— புடிங்களேன். தம்பி சொல்லுதுல்ல.

— இதென்னடா கொடுமை. சரி, புடிக்கிறேன். ம்.

— என்னக்கா, நின்னு போச்சு?

— ஆமா தம்பி. நின்னு போச்சு.

— இம்புட்டு நேரம் நல்லாக் கேட்டுச்சே.

— விடுங்க. மூச்ச விடுங்கன்னு சொல்றேன்ல, மொகம் செவந்து போச்சு.

— ஹா... ஹ்... என்ன, பதிஞ்சுச்சா?

— இப்பத் திரும்பக் கேக்குதுக்கா.

— அதுக்கு வெவரம் ஜாஸ்தி மாப்ளே... க்கும்... நம்ம பேசாம இருந்தா அதுவும் பேசாம இருந்துரும். துரைன்னா சும்மாவா? என்னடா, கண்ணாடியில என்னையவே பாக்குற?

— ஒண்ணுமில்ல மாமா. லாரி திரும்பிருச்சு.

— திரும்பிருச்சுன்னா எடு வண்டிய. வெரசாப் போயி வெரசாத் திரும்பணும். மத்தியானத்துக்கு மேல அடுப்புச் சூடு பாக்கணும். அந்த வினோத்குமார் ரெண்டு கட்டையக் கூடப் போட்டான்னா காய் பூராம் வெளுத்துரும்.

— என்ன பாண்டி, சாரமில்லன்னு சொல்லக் காணோம்?

— வாயில வரலக்கா.

— நானும் ஒன்றரை மாசமா சாரமில்லன்னு சொல்லித்தான் பாத்தேன். எனக்கும் வரல.

— என்ன ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போற மாதிரி வர்றீக? ஒரு எலிக்கு இழுப்பு. ஊசி ஒண்ணு போட்டா முடிஞ்சுது சோலி.

— மாமா, நான் ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்கக் கூடாது. உங்களுக்கு இந்த இழுப்பு...

— டேய்! அந்த வார்த்தைய எலியோட நிறுத்து. மனுசனுக்குச் சொல்லாத. ஸ்டோர் வாசல்ல ஒருத்தனப் பாத்து எவனாச்சும் அந்தச் சொல்லச் சொல்லிட்டான்னா மறுநாள் அவனுக்கு அடுப்புல நிக்க எடம் கெடையாது. நீ வண்டியில சும்மாச் சொல்லுவ, சாயந்தரத்துக்குள்ள லயம் பூராம் ஏறிரும்.

— அப்பிடி என்ன மாமா, ஒரு சொல்லுக்கு?

— உனக்கு என்ன தெரியும்? எனக்கு முந்தி அந்த அடுப்பப் பாத்தது காசிமாயன் அண்ணே. தட்டுல கைய வச்சாலே இன்னும் எம்புட்டு நேரம் காயணும்னு சொல்லுவாரு. ஒரு நாள் படியேறையில மூச்சு வாங்குனதப் பாத்துட்டு எவனோ இழுப்புக் காசிமாயன்னு கூப்புட்டான். அம்புட்டுத்தான். பேரோட ஒட்டிக்கிருச்சு. ஒரு வாரத்துல, நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்கன்னு மரியாதையா இறக்கி விட்டுட்டாக. நான் உள்ள ஏறுனேன். இப்ப வினோத்குமாரு வாசல்ல நிக்கிறான். பவித்ராவுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு மாப்ளே. ஒரே ஒரு வருசம்.

— அந்தா பாருங்க, பொட்டிபுரம் பஸ்சு போகுது.

— போனா என்ன?

— காசிமாயன் அண்ணே சாவுக்கு அந்த பஸ்சுலதான போனோம், போன தையில.

— இப்ப எதுக்குடி அதெல்லாம்? போடிக்கு வந்துட்டோம், வெயிலப் பாரு, நெஞ்சுக்கு எதமா இருக்கு. அத விட்டுட்டு.

— நீங்க பந்தல்ல ஆம்பளைகளோட இருந்தீங்க. நான் உள்ள அவரு சம்சாரம் பொன்னுமணி அக்கா பக்கத்துல உக்காந்திருந்தேன். அந்த அக்கா ஒரு பொட்டு அழுகல. கோவந்தான். "ரெண்டு வருசமா அடுப்புப் புகைதான், குளிருதான்னு எங்கிட்டப் பொய் சொல்லிப்புட்டாரு கலா, நானும் நம்பித் தொலைச்சேன். ஆரம்பத்துல கொண்டாந்திருந்தா மாத்திர மருந்துல போயிருக்கும்னு டாக்டரு சொல்றாரு, அவரு காலரப் புடிச்சு உலுக்கலாம் போல இருக்கு, உலுக்க ஆளு எங்க இருக்கு"ன்னுச்சு. அத நான் மறக்கல.

— அது அவுக வீட்டுக் கதை.

— ஆமா ஆமா. அது அவுக வீட்டுக் கதை. பாண்டி, இந்த முக்குல இடது பக்கம் திருப்பு தம்பி.

— சரிக்கா.

— எதுக்கு இடது? மாட்டாஸ்பத்திரிக்கு நேராப் போகணும். டேய், வழி தெரியாமயா ஓட்டுற? அவதான் சொல்றான்னா நீயும் திருப்புற.

— இந்த மரத்தடியில நிறுத்திக்க. நீ போயி டீ குடிச்சுட்டு வா.

— சரிக்கா. மாமா, பாத்து மெதுவா இறங்குங்க.

— எதுக்கு மெதுவா? கெழவனா நான்? டேய் பாண்டி! போறான் பாரு, திரும்பிக் கூடப் பாக்காம. கலா, இது மனுச ஆஸ்பத்திரிடி. போர்டப் படி. நெஞ்சு, நுரையீரல்னு எழுதியிருக்கு. எலிய இங்க யாரு பாப்பாக?

— துண்டத் தூக்குங்க.

— காத்துப் படும்னு சொன்ன.

— தூக்குங்கன்னா தூக்குங்க.

— என்னடி இது? என் கைலி. இன்னொரு கைலி. கம்பளி. பிளாஸ்க்கு, சொம்பு, சோப்பு டப்பா. இது என் ஆதாரு. இது காப்பீட்டு அட்டை. பெட்டுல படுக்கப் போறவனுக்குக் கட்டுன மூட்டை மாதிரில இருக்கு. எலி எங்கடி?

— மேலதான் இருக்கு. எங்கயும் போயிரல.

— லயத்துல விட்டுட்டா வந்த? அப்ப மலையில இருந்து நான் மடியில வச்சுட்டு வந்தது...

— உங்க கைலிதான். ஜீப்புல விசில் அடிச்சதும் உங்க கைலிதானான்னு நீங்களே சொல்லுங்க.

— புழுதிடி. லாரிப் புழுதி. எவனுக்கும் இருமத்தான் செய்யும்.

— இருமலச் சொல்லல. நீங்க மூச்சப் புடிச்சதும் நின்ன சத்தத்தச் சொல்றேன். பாண்டிக்கே வெளங்கிருச்சு. பவித்ராவுக்கு அன்னைக்கே வெளங்கிருச்சு. துரை மாதிரிச் சின்ன உசுரு நிமிசத்துக்கு அம்பது அறுவது மூச்சு விடுமாம். இருவத்தாறு விடாதாம். இருவத்தாறு மனுசன் மூச்சும்மா, அதும் நல்லா இல்லாத மனுசன் மூச்சுன்னு சொல்லிட்டு அழுதா. அவதான் இந்த டாக்டரு பேரக் கேட்டு எழுதிக் குடுத்தா.

— அவளையும் சேத்துக்கிட்டியா? பெத்ததும் கட்டுனதும் சேந்து என்னை இப்பிடிக் கூடையக் காட்டிக் கூட்டியாந்தீகளா?

— நேராக் கூப்புட்டேனே, வந்தீங்களா? ஆடியில இருந்து கூப்புடுறேன். ஆஸ்பத்திரின்னு வாயெடுத்தா எந்திரிச்சுப் போயிருவீங்க. எனக்கு ஒண்ணுமில்ல, எலி எலின்னு. எலிக்குன்னா மட்டும் லீவு போட முடிஞ்சுச்சு.

— மெதுவாப் பேசுடி. ரோடு.

— பேசுவேன். மெதுவாப் பேசிப் பேசித்தான் இங்க வந்து நிக்கிறோம். எனக்கு அந்த அடுப்பும் வேணாம், ஸ்டோரும் வேணாம். பொன்னுமணி அக்கா மாதிரி எவ கையவாவது புடிச்சுக்கிட்டு, நம்பித் தொலைச்சேன்னு நான் சொல்ல மாட்டேன். பயமா இருக்குங்க.

— சரி. சரி, விடு. அழாத. ஒத்துக்கிறேன். எனக்கும் கொஞ்சம் இருக்கு.

— கொஞ்சமா?

— கொஞ்சம். படியேறையில, வெள்ளன பனி இறங்கையில. ஆனா மொதல்ல இழுத்தது துரைதான் கலா, அது சத்தியம். மாட்டு டாக்டரே சொன்னாருல்ல. அதுக்கு இழுக்க ஆரம்பிச்ச பெறகுதான் எனக்கும் சத்தம் வந்துச்சு. சரி, நல்லதாப் போச்சுன்னு அது பேருல போட்டுட்டேன். அம்புட்டுத்தான்.

— அம்புட்டுத்தானா?

— இருந்தாலும் பூராத்தையும் என் தலையில கட்டக் கூடாது. பாதி நான், பாதி அது. நேத்து வெள்ளனக் கேட்டது முழுக்க அதுதான்.

— நேத்தா?

— நேத்துத்தான். நான் முழிச்சுட்டுத்தான் கெடந்தேன். அடுப்படிப் பக்கம் சாக்குக்குள்ள இருந்து கிர்ருகிர்ருனு, என் ரெண்டு காதாலயும் கேட்டேன். நீ கூட எந்திரிச்சு உக்காந்தியே, நான் சொல்லல, துரைதான்டின்னு? முந்தாநாளும் அதுதான். இந்த வாரம் பூராம் அதுதான். பவித்ரா மேல சத்...

— சத்தியம் பண்ணாதீங்க. எம்புள்ள மேல சத்தியம் பண்ணாதீங்க.

— சரி, பண்ணல. ஆனா எனக்குப் பாதிதான். பாதிச் சீக்குக்கு யாராச்சும் பெட்டுல படுப்பாகளா? இந்தக் காய் எடுப்பு முடியட்டும். பொங்கல் கழிச்சு நானே வர்றேன், பவித்ராவும் இருப்பா, மூணு பேருமா வருவோம். இப்பப் பாண்டியக் கூப்புடு. நாலு மணிக்குள்ள மேல போனாத்தான் வெளிச்சத்துல ஓடைக்கரையில புல்லு அறுக்க முடியும். காலையில இருந்து துரை பட்டினியாக் கெடக்கும்டி, பாவம், வாயில்லா சீவன்.

— புல்லு வேணாங்க. துரையப் புதைச்சு இன்னையோட பதினோரு நாளாச்சு.